கமலாத்தாள் எடுத்த சின்ன வண்டி

எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று முதலில் கேட்பது, இருப்பதிலே பெரிய வண்டி எது என்பதைத்தான். காடு இரண்டு ஏக்கர் என்றாலும் வண்டி பெரிதாக இருக்க வேண்டும். கோயில் நோம்பித் திருவிழாவுக்குத் தண்ணீர் டேங்கை இழுத்துக்கொண்டு வரும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரி கமலாத்தாள் போய் நின்று, "இருக்கறதுல சின்னது எதுங்க?" என்று கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீதியில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

அவளுடைய புருஷன் காளிச்சாமி நான். எனக்குச் சண்டை ஆகாது. யாராவது சத்தம் போட்டால் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன். அவள் அப்படி இல்லை.

எங்களுக்கு இருப்பது நாலு ஏக்கர். கீழ்ப்பாதி தென்னந்தோப்பு, மேல்பாதி மழையை நம்பின காடு. பாலக்காட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழை, கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்களிடம் வரும்போது தூறலாகிவிடும். வைகாசியில் ஒரு நல்ல மழை விழுந்தால், அந்த ஈரம் ஆறுவதற்குள் உழுது கடலைக்காய் போட்டுவிட வேண்டும். இரண்டு வெயில் அடித்தால் பதம் போய்விடும்.

உழவுக்கு ஊரில் எல்லாரும் என் சித்தப்பா மகன் அருள்குமாரின் வண்டியைத்தான் நம்பியிருந்தோம். பெரிய வண்டி. மழை விழுந்ததும் முதலில் தன் காட்டை உழுவான், பிறகு மாமனார் காடு, பிறகு மச்சான் காடு. கடைசியில் எங்கள் காடு. போன வருஷம் எங்கள் முறை வந்தபோது மண் புழுதியாகிவிட்டது. முளைத்தது பாதி, காய்த்ததில் பாதி பருப்பில்லாத பொக்கு. தோப்புக்குள் வந்தவன் திரும்ப இடமில்லாமல் சொட்டுநீர்க் குழாயின் மேலேயே ஏற்றி, இரண்டு மரத்தின் வேரையும் அறுத்துவிட்டுப் போனான்.

பங்குனியில் ஒரு நாள் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ணா, இத்தன செரமப்பட்டு எதுக்கு வெள்ளாம பண்றீங்க? பேசாம காட்டையும் தோப்பையும் எனக்குப் பாட்டத்துக்கு உட்ருங்க. ஊட்ல உக்காந்து பஜன பாடுங்க."

"பாக்கலாம் தம்பி" என்றேன்.

பாட்டம் என்றால் குத்தகை. எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் 'பாக்கலாம்' என்றால் முக்கால்வாசி சம்மதம் என்று கணக்கு. நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. கமலாத்தாள் மாட்டுக்குத் தவிட்டுத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"காட்ட உட்டுட்டா நாம என்னங்க பண்றது?"

"பாட்டம் வருமல்ல புள்ள."

"பாட்டம் வரும். நாளைக்கு நம்ம தோப்புல ஒரு தேங்கா பொறுக்கறதுன்னா அவனக் கேட்டுட்டுப் பொறுக்கோணும். அது நமக்கு ஆகாதுங்க. வண்டியில்லாததுதான கொற? வண்டி எடுத்தரலாம்."

"ஓட்டறது ஆரு?"

"நாந்தான்."

பால் சொசைட்டிக்கு மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு போய் வருகிறவள்தான். ஆனாலும் டிராக்டர் வேறு சங்கதி அல்லவா? 

மறுநாளே ஒரு தேங்காய் நார்க்கயிற்றை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கினாள். மரத்துக்கு மரம் இடைவெளி பெரிதுதான். ஆனால் இந்தப் பக்கத்து வட்டப்பாத்தி, அந்தப் பக்கத்து வட்டப்பாத்தி, குழாய், நடுவில் நாங்கள் வைத்த வாழை, இதெல்லாம் போக மிச்சமிருக்கிற இடத்தை அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டாள். "இந்த முடிச்சுக்குள்ள அடங்கற வண்டிதான் நமக்கு வண்டி."

கயிற்றோடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற ஒரு கடைக்குப் போனோம். அங்கே விற்பனைக்கு நின்ற பையன் பெயர் ஜிபின். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான். இவள் ஒவ்வொரு வண்டியின் பின்டயர் மேலும் கயிற்றை நீட்டிப் பிடிப்பதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. ஆனால் மரியாதையாகச் சிரித்தான்.

"சேச்சி, கல்யாணப் பொண்ணுக்கு வளையல் அளவு எடுக்கற மாதிரி எடுக்குந்நு."

"அவ வளையலு பத்தலீன்னா மாத்திக்கலாம் கண்ணு. இது பத்தலீன்னா என்ற மரம் போயிரும்."

கயிற்றுக்குள் அடங்கினது இரண்டே வண்டி. ஒன்று சிவப்பு, ரொம்பச் சின்னது. இன்னொன்று நீலம், கொஞ்சம் கனத்தது. சிவப்பில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கால் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நன்றாக எட்டியது. நீலத்தில் நுனிக்கால்தான் பட்டது. "செவப்புதாங்க" என்று இறங்கினாள்.

ஜிபின் தலையைச் சொறிந்தான். "சேச்சி, இஷ்டம் உங்களுடையது. பட்சே பின்னாடி மண்ணைக் கிளறற ரோட்டவேட்டர் மாட்டினா இதுக்கு முன்பக்கம் பாரம் போராது."

"விக்கறவன் பெருசத்தான் விப்பான்" என்று என் காதில் சொன்னாள்.

உடனே பணம் கட்டிவிடவில்லை. அந்த இரண்டு வண்டியும் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று ஜிபினிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள். எருத்தேம்பதி, பெருமாட்டி, வேலந்தாவளம் என்று மொபெட்டில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சுற்றினாள். போன இடத்தில் என்னைக் களத்தில் ஆண்களோடு விட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். களத்தில் என்னிடம் எல்லாரும் சொன்னது ஒன்றே: "சூப்பர் வண்டிங்க, ஒரு தொந்தரவு இல்லீங்க." அவள் அடுப்படியிலிருந்து கொண்டு வந்த சேதி வேறு.

"அந்தூட்டுச் செவப்பு வண்டி தை மாசத்துல பதினஞ்சு நாளு நின்னுருச்சாமா. சாமான் பொள்ளாச்சிக் கடைக்கு வந்து சேரலியாமா."

"அவுரு அப்படிச் சொல்லலியே?"

"எந்த ஆம்பளைங்க அவிங்க வாங்குன வண்டியக் கொற சொல்லுவாங்க? அது நிக்கற அன்னிக்கு எரிச்சல்ல சோத்தத் தள்ளி உட்டுட்டுப் போவாங்கல்ல, அந்தக் கணக்கு பொண்டாட்டிகிட்டத்தான் இருக்கும்."

அப்படி விசாரித்ததில் சிவப்பும் நீலமும் சரிக்குச் சரி. நீலத்துக்குச் சாமான் வேலந்தாவளத்திலேயே கிடைக்கிறது என்பது ஒன்றுதான் கூடுதல். சிவப்புக்குப் பொள்ளாச்சி போக வேண்டும். "பொள்ளாச்சி என்ன, சீமையா?" என்றாள். மனசு சிவப்பிலேயே நின்றது.

ஆனால் ஒரு காரியத்தில் பிடிவாதமாக இருந்தாள். கடை முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க காட்டுக்குக் கொண்டாங்க" என்றாள். ஜிபின் லாரியில் இரண்டையும் ஏற்றி வந்தான். வீதியே வேலியோரம் கூடிவிட்டது.

ஜிபின் ஓட்ட, சிவப்பு வண்டி தோப்புக்குள் பூனை மாதிரி நுழைந்து நுழைந்து திரும்பியது. குழாய் மேல் ஒரு தரம் கூட ஏறவில்லை. கமலாத்தாள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மேல்காட்டுச் சரிவில் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறியது. பாதி மேட்டில் முன்சக்கரம் இரண்டும் மண்ணை விட்டு மேலே எழும்பின. "முருகா!" என்று நான் கத்திவிட்டேன். ஜிபின் சட்டென்று ரோட்டவேட்டரைக் கீழே இறக்கினான். முன்சக்கரம் தொப்பென்று மண்ணில் விழுந்தது.

வேலியோரம் சிரித்தார்கள். "குதிர மாதிரி தூக்குதுங்கோ!" என்று ஒருவன் கத்தினான்.

கமலாத்தாள் கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். "அப்ப நான் நெனச்சது தப்பு கண்ணு. நீ சொன்னதுதான் செரி" என்று ஜிபினிடம் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நீல வண்டி அதே சரிவில் தரையை விடாமல் ஏறியது. முன்னால் இன்னும் பாரக்கட்டை மாட்டிக்கொள்ளலாம் என்றான் ஜிபின். கால் எட்டவில்லையே என்றதற்கு, ஸ்பானரை எடுத்து சீட்டைக் கழற்றி முன்னே தள்ளிப் பூட்டினான். அவள் ஏறி உட்கார்ந்து கிளச்சை அடிவரைக்கும் மிதித்துப் பார்த்தாள். இறங்கும்போது, "இதுதாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அருள்குமார் எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். வந்தவன் நங்கையைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினான். என் சுபாவத்தை அறிந்தவன்.

"ஏனுங்ணா, வண்டி எடுக்கறது எடுக்கறீங்க. கொலசாமிகிட்டப் பூக் கேட்டீங்களா?"

கல்யாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது, எதுவானாலும் செல்லாண்டியம்மனிடம் பூக் கேட்டுச் செய்வது எங்கள் குலத்து வழக்கம். பூசாரி அம்மனுடைய இரண்டு தோளிலும் ஈரமாக ஒவ்வொரு அரளிப்பூ வைப்பார். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அவன் கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. கேட்காமல் எடுக்க எனக்கும் மனசில்லை.

"கேட்டரலாம்" என்றாள் கமலாத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். அருள்குமாரும் வந்தான், பங்காளிகள் நாலைந்து பேரும் வந்தார்கள். பூசாரி பூ வைத்தார். மணி அடித்தார். நாங்கள் கைகூப்பி நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் விழவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆத்தா, ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடது தோள் பூ மெல்லச் சரிந்து பீடத்தில் விழுந்தது.

 அருள்குமார் நெடுமூச்சு விட்டு, "சரி, ஆத்தாளே சொல்லீட்டா. இனி என்னங்ணா?" என்றான்.

நான் திரும்பி நடக்கப் போனேன். கமலாத்தாள் நகரவில்லை.

"கொழுந்தனாரே, உங்க வண்டி எடுக்கறப்போப் பூக் கேட்டீங்களா?"

"அது... அப்போ அவசரமுங்க நங்கை."

"எனக்கும் அவசரந்தான். மழ வரப்போகுது."

பிறகு அம்மனைப் பார்த்துத் திரும்பினாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"ஆத்தா, நீ வேண்டாங்கற. காதுல உழுந்துது. போன வருசம் என்ற காடு காஞ்சப்போ நீ எங்கிருந்தே? அன்னிக்கு ஒருத்தரும் உன்னையக் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல. இப்ப வேண்டாங்கறயா? சரி. அப்ப மழ பேஞ்ச அன்னிக்கு நீ வந்து உழுது குடு. நீ வரலீன்னா நான் வண்டி எடுப்பேன். கோவம்னா என்ற மேல காட்டு, இந்த மனுசன் மேல காட்டாத. இவரு ஒரு பாவமும் அறியாதவரு."

பூசாரி கையிலிருந்த மணி தானாக ஒரு தரம் அடித்தது.  அவள் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டாள், எனக்கும் இட்டுவிட்டாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்து மொபெட்டைக் கிளப்பினாள். "ஏறுங்க" என்றாள். ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் எனக்குப் பயம். அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். சாமியிடம் நான் கேட்டதெல்லாம் கை கட்டிக் கேட்டது. இவள் கேட்டது பெற்ற தாயிடம் சண்டை போடுகிற மாதிரி. இரண்டில் எது பக்தி என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நீல வண்டி வீட்டு வாசலில் நின்றது. இரண்டு மாட்டை விற்று முன்பணம் கட்டி, மிச்சத்துக்குக் கடன் போட்டுத்தான் எடுத்தோம். ஜிபின் நாலு நாள் வந்து மேல்காட்டில் ஓட்டப் பழக்கினான். முதல் நாள் வேலிக்கல் இரண்டை இடித்துத் தள்ளினாள். "வேலி நம்மளுதுதான், உடு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் தோப்புக்குள் ஒரு கையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாழையிலையை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

வைகாசி பிறந்து மழை வந்தது. ஒரு ராத்திரி மழைதான், ஆனால் நல்ல கனத்த மழை. காலையில் மண்ணைப் பிடித்துப் பார்த்தேன். உருண்டை பிடித்தது, தட்டினால் உதிர்ந்தது. நல்ல பதம். அருள்குமாரின் வண்டி அவன் காட்டில் இறங்கிய அதே நேரத்தில் எங்கள் வண்டி எங்கள் தோப்பில் இறங்கியது. தோப்பைச் சீக்கிரம் ஓட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் மேல்காட்டுக்கு ஏறி விதைக்க வேண்டும் என்பது திட்டம்.

மூன்றாவது வரிசையில் வண்டி சடாரென்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. பின்டயர் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. தென்னைக்கு ஈரம் நிற்பதற்காக மரவரிசைக்கு நடுவில் குழி வெட்டி, உரித்த தேங்காய் மட்டையை அடுக்கி மூடுவது எங்கள் பழக்கம். அந்த மட்டைக்குழியை வெட்டி அடுக்கினது நாங்கள் இரண்டு பேருமேதான். மேலே புல் முளைத்து இடம் தெரியாமல் போய்விட்டது. காய்ந்து கிடந்தபோது வண்டியைத் தாங்கின மண், ராத்திரி மழையில் இளகிவிட்டது. வண்டியின் அகலத்தை அளந்தோம், சரிவில் ஏற்றிப் பார்த்தோம், மண்ணுக்குள் நாங்களே புதைத்து வைத்ததை நினைக்கவில்லை.

ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க டயர் மட்டையைக் கடித்துக்கொண்டு இன்னும் இறங்கியது. கமலாத்தாள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். முதல் தரமாக அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சேதி எப்படிப் போனதோ, அருள்குமார் தன் பெரிய வண்டியிலேயே வந்துவிட்டான். கையில் இரும்புச் சங்கிலி. தோப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்து, சாய்ந்து கிடந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"ஆத்தா பேச்சக் கேக்கலீன்னா இப்படித்தானுங்க ஆகும்."

கமலாத்தாள் குனிந்து டயரைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் தள்ளினாள்.

"நான் இழுத்து உடறேனுங்ணா. ஒரு நிமிச வேல. ஆனா இத்தோட இந்த வெளையாட்டு போதும். வண்டியத் திருப்பிக் குடுத்துட்டு, காட்டப் பாட்டத்துக்கு எழுதீரலாம். நாலு பேரு முன்னால நீங்க சொன்ன வார்த்தையும் நிக்கும்."

வழக்கமாக நான் தலையாட்டுகிற இடம் அது. அவனும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சங்கிலியைப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெரிய வண்டி வந்தால் இன்னும் எத்தனை குழாய், எத்தனை வேர் என்று ஒரு பக்கம் கணக்கு ஓடியது. இன்னொரு பக்கம், என் மேல் கோவம் காட்டாதே என்று அவள் எனக்காக அம்மனிடம் கேட்டது நினைவு வந்தது.

"வேண்டாந் தம்பி" என்றேன்.

"என்னங்ணா?"

"வேண்டாங்கறேன். குழியும் எங்குளுது, வண்டியும் எங்குளுது. நாங்களே எடுத்துக்கறோம். நீ போயி உன்ற காட்டப் பாரு. பதம் போயிரும்."

அவன் என்னையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனான். கமலாத்தாளும் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் ஓடிப்போய் மண்வெட்டி இரண்டைக் கொண்டு வந்தாள்.

டயருக்கு முன்னால் சரிவாக வெட்டினோம். உள்ளே இருந்த மட்டையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தோம். பழைய மட்டை, தண்ணீர் குடித்து ஊறி, கை வைத்தால் வழுக்கியது. காய்ந்த தென்னை மட்டைகளை இழுத்து வந்து டயருக்கு அடியில் செருகினோம். அவள் ஏறிக் கிளப்பினாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஏறவில்லை. இன்னும் வெட்டினோம். மறுபடியும் ஏறவில்லை. என் வேட்டி, சட்டை, வாய் எல்லாம் சேறு. மூன்றாவது தரம் டயர் தென்னை மட்டையைப் பிடித்தது. வண்டி குலுங்கிக்கொண்டு மேலே வந்தது. அவள் நிறுத்தாமல் அப்படியே மேல்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானச் சோறு இல்லை. அவள் உழுதாள், நான் பின்னாலேயே சாலில் விதைக் கடலையைப் போட்டுக்கொண்டே நடந்தேன். அன்றைக்குப் பாதிதான் ஆனது. மறுநாள் விடிந்ததும் மிச்சத்தை ஆரம்பித்தோம். பதினோரு மணிக்குக் கடைசிச் சால் முடிந்தபோது மண்ணின் மேல்தோல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் குளிர்ச்சி இருந்தது. அது போதும்.

கால் கழுவவில்லை. அப்படியே அருள்குமார் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் இருபது வருஷத்தில் அந்த வாசலில் நின்று குரல் உயர்த்தினதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"காடு வெதச்சாச்சு தம்பி. இனிப் பாட்டப் பேச்சு வேண்டாம். டீக்கடையில நான் 'பாக்கலாம்'னு சொன்னேன். பாத்துட்டேன். குடுக்கறதில்ல."

"சரிங்ணா. மனுசங்ககிட்டச் சொல்லீட்டீங்க. சாமிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

அவன் பெண்டாட்டி ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து, அவசரப்படாமல் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.